முதலில் தாள், பிறகு ஸ்பானர்

மலைப்பாதைக்கு ஜீப் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

"அண்ணே, வண்டிய ஓரங்கட்டிட்டாங்க. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வரச் சொல்றாங்க. யாரைப் பிடிச்சா சரியாகும்?"

போடியிலிருந்து பேசிய அந்தத் தம்பிக்கு இருபத்தாறு வயது. கடனில் வாங்கிய 'தார்' ரக ஜீப். பட்டறையில் மூன்றரை லட்சம் கொடுத்து வண்டியை நான்கு அங்குலம் தூக்கியிருக்கிறார். 33 அங்குல டயர், முன்னால் கனத்த இரும்பு பம்பர், அதன்மேல் வின்ச், கூரையில் நீள லைட் பார். நான் மூன்று கேள்விகள் கேட்டேன்.

"இதுல எதுக்காவது அனுமதி வாங்கினீங்களா தம்பி?"

"ஒண்ணும் ஆகாதுன்னு பட்டறைக்காரர் சொன்னாருண்ணே."

"பில் இருக்கா?"

"போன்லதான் பணம் அனுப்பினேன். பில் தரல."

"கடன் கொடுத்த பேங்க்குக்குத் தெரியுமா?"

பதில் வரவில்லை.

இந்த மூன்று பதில்களும் எனக்குப் புதியவை அல்ல. நானும் இருபது ஆண்டுகளாக மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவன். ஏதாவது சிக்கல் வந்தால் தெரிந்தவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஊர் மாறும், வண்டி மாறும். கூப்பிடுகிறவர் கேட்பது மட்டும் மாறுவதில்லை: யாரைப் பிடிப்பது? பிடிக்க வேண்டியது ஆளை அல்ல, தாளை. அந்தத் தாளையும் வேலை தொடங்குவதற்கு முன்பே பிடித்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப் போவது இது ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுதான் இதில் அடிப்படை. வண்டியைத் தயாரித்த நிறுவனம் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. வண்டியின் கட்டமைப்பில் கை வைத்து, அதனால் அதன் அடிப்படைத் தன்மை மாறினால் அதற்குப் பெயர் 'மாற்றம்', அதாவது ஆல்டரேஷன். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு தந்த தீர்ப்பு அது. பட்டறைகளில் பலரும் நம்பிக்கொண்டிருந்த "மாநில விதியில் இடம் இருக்கு" என்ற வாதம் அன்றோடு முடிந்தது.

அதே ஆண்டு வந்த திருத்தம் தண்டனையையும் கூட்டியது. 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவுப்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். வண்டிக்கு ஒரு அபராதம் என்று நினைக்காதீர்கள். லிஃப்ட் கிட்டுக்கு ஒன்று, டயருக்கு ஒன்று, பம்பருக்கு ஒன்று என்று எண்ணலாம். ஸ்ரீநகரில் ஒரு தார் உரிமையாளருக்கு நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத்தண்டனையே விதித்தது. முதல் குற்றம் என்பதால் நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் உத்தரவாயிற்று. "அபராதம் கட்டினால் முடிந்தது" என்று பேசுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

எதில் கை வைக்கலாம், எதில் கூடாது

முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண், எரிபொருள், பாடி வகை, இருக்கை எண்ணிக்கை, வீல்பேஸ், வெற்று எடை, நிறம் எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் செய்யப்போகும் வேலை இதில் எந்த வரியையாவது பொய்யாக்குகிறதா? பொய்யாக்கினால் பட்டறைக்குப் போகாதீர்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். எந்த வரியையும் பொய்யாக்காவிட்டாலும், நிறுவனம் குறித்த அளவுக்குள் அது இருக்கிறதா என்று அடுத்து பாருங்கள்.

சேசிஸை வெட்டி நீட்டுவது, குறுக்குவது, வேறு கம்பெனி இன்ஜினை ஏற்றுவது, துணிக்கூரை வண்டிக்கு இரும்புக்கூரை கட்டி ஆள் எண்ணிக்கையைக் கூட்டுவது: இவற்றுக்கு அனுமதி கிடைக்காது. கிடைக்கும் என்று சொல்கிற தரகரை நம்பாதீர்கள்.

முன்பக்க இரும்புப் பாதுகாப்புக் கம்பிகளும், புல் பாரும் சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. காரணம் புரிந்தால் நீங்களே மாட்ட மாட்டீர்கள். வண்டியின் மூக்கு மோதும்போது மடங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அப்படி மடங்கும் வேகத்தைக் கணக்கிட்டுத்தான் ஏர்பேக் விரிகிறது. நடுவில் நீங்கள் ஒரு இரும்புச் சட்டத்தை வைத்தால் அந்தக் கணக்கு கெடுகிறது. குறுக்கே வரும் ஆளுக்கு மடங்கும் தகடு படாமல் இரும்பு படுகிறது. உயிர் போவது அவருக்கு.

கூரை லைட் பாருக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதி 111, ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதியில்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கக்கூடாது என்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் எதிரே வரும் பஸ் டிரைவரின் கண் இரண்டு விநாடி இருண்டால் என்ன நடக்கும் என்று மலைப்பாதையில் ஓட்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டயர், லிஃப்ட் கிட் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. தார் வண்டியின் 255/65 ஆர்18 டயரின் குறுக்களவு ஏறத்தாழ 31 அங்குலம். அதற்குப் பதில் 33 அங்குலம் போட்டால், ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85-இல் ஓடும். டயரின் எடை கூடுவதால் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். நான்கு அங்குலம் தூக்கினால் வண்டியின் எடை மையம் மேலேறும். கொண்டைஊசி வளைவில் கவிழ்வதற்கு முன்பைவிடக் குறைந்த வேகமே போதும். பிராப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி யு-ஜாயின்ட் சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸ் இழுபட்டு நிற்கும். நிறுவனம் எந்த டயர் அளவுகளை ஒப்புக்கொள்கிறது என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய தாளிலும், உரிமையாளர் கையேட்டிலும் இருக்கும். அதை மீறாதீர்கள்.

சரி, எதுதான் செய்யலாம்? அதே அளவில், அதே சுமைக் குறியீட்டில், கரடுமுரடுப் பாதைக்கான டயர் போடலாம். தேய்ந்த ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் அதே உயரத்துக்கு நல்லதாக மாற்றலாம். வண்டி நிறுவனமே தன் உதிரிப்பாகப் பட்டியலில், உங்கள் மாடலுக்கென்று விற்கும் பாகங்களைப் பில்லோடு வாங்கலாம். சக்கரம் சிக்கினால் அடியில் போடும் பலகை, இழுவைக் கயிறு, தரமான ஷேக்கிள், காற்றடிக்கும் கம்ப்ரசர், கையால் இயக்கும் வின்ச் எல்லாம் டிக்கியில் கிடக்கட்டும். அவற்றுக்கு எவரும் சலான் எழுத முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை, டயர் காற்றைக் குறைத்து நிதானமாக ஏறினால் தீர்ந்திருக்கக் கூடியவை. மூன்று லட்சத்து இரும்பு தேவைப்பட்டதில்லை.

"ஏ.ஆர்.ஏ.ஐ. சான்று இருக்கு சார்"

கடைக்காரர்கள் அடிக்கடி நீட்டும் தாள் இது. இதில் ஏமாந்தவர்கள் ஏராளம், ஆகவே அழுத்திச் சொல்கிறேன். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐ.கேட், நம் ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் ஆகியவை வண்டிகளையும் பாகங்களையும் சோதித்துச் சான்று தரும் அமைப்புகள். ஒரு விளக்கு சான்று பெற்றிருந்தால், அந்த விளக்கு தரமானது என்று மட்டும் அர்த்தம். அதை உங்கள் வண்டியில் மாட்டலாம் என்று அர்த்தமல்ல. சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் வண்டியின் மாடல் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். இல்லையென்றால் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செய்ய வேண்டியது

அனுமதிக்கு வாய்ப்புள்ள மாற்றங்கள் சில உண்டு: நிறம் மாற்றுவது, பழுதான இன்ஜினுக்குப் பதில் அதே கம்பெனியின் அதே வகை இன்ஜினை வைப்பது, அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் சி.என்.ஜி. அல்லது மின்சாரத்துக்கு மாறுவது, மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்கு ஏற்ப அமைப்பது. இவற்றுக்கான வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, வண்டி கடனில் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். ஆர்.சி.யில் ஹைப்பாத்திகேஷன் பதிவு இருக்கும்வரை வண்டி முழுக்க உங்களுடையது அல்ல.

இரண்டாவது, வேலை தொடங்கும் முன் விண்ணப்பம். பரிவாகன் தளத்தில் வாகனச் சேவைகளுக்குள் 'வாகன மாற்றம்' என்ற பகுதியைத் திறந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, கட்டணம் கட்டி, அச்செடுங்கள். அத்துடன் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, வங்கி ஒப்புதல், செய்யப்போகும் வேலையின் விவரம், பட்டறையின் ஜி.எஸ்.டி. எண்ணோடு கூடிய மதிப்பீட்டுத் தாள் ஆகியவற்றை இணையுங்கள். உங்கள் முகவரிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு இறங்காதீர்கள்.

மூன்றாவது, இன்ஜின் மாற்றம். புது இன்ஜின் என்றால் நிறுவன பில் போதும். பழைய இன்ஜின் என்றால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதா, பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தின் சான்று உண்டா என்று பாருங்கள். சென்னை புதுப்பேட்டையானாலும் உங்கள் ஊர் காயலான் கடையானாலும், பில் இல்லாத இன்ஜினைத் தொடாதீர்கள். அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்து, தெரிந்தே வாங்கியதாக ஆனால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை. "எனக்குத் தெரியாது" என்று நிரூபிக்க உங்களிடம் இருக்கப்போகும் ஒரே பொருள் அந்த பில்.

நான்காவது, வேலை முடிந்ததும் வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும். நம் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்கிறோமே, அவர்தான். முன் அனுமதியின்றி ஒரு மாற்றம் நடந்துவிட்டால் 14 நாளுக்குள் ஆர்.சி.யோடும் கட்டணத்தோடும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சிலர் இதை "செய்துவிட்டு 14 நாளில் சொன்னால் போதும்" என்று திரித்துச் சொல்கிறார்கள். தவறு. தடை செய்யப்பட்ட மாற்றம் 15-ஆவது நாளில் சட்டபூர்வமாகிவிடாது.

ஐந்தாவது, வாய்மொழி பதிலை ஏற்காதீர்கள். இங்கேதான் எனக்கு அதிகாரிகள்மேல் கோபம் வருகிறது. ஒழுங்காக விண்ணப்பிக்க வருகிறவரை "இதெல்லாம் முடியாதுப்பா" என்று கவுன்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஏன் முடியாது, எந்தப் பிரிவு தடுக்கிறது என்று ஒரு வரி எழுதித் தர மாட்டார்கள். வெளியே நிற்கும் தரகரிடம் அதே ஆள் போனால் அன்றைக்கே வழி பிறக்கிறது. நேர்மையாக வந்தவனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவது இந்த ஒரு வார்த்தைதான். நீங்கள் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்: "சார், மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள்." எழுத்தில் மறுப்பு கிடைத்தால் 57-ஆவது பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எதுவும் கிடைக்கவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிய மனு அனுப்புங்கள். "இன்ன தேதியில் இன்ன எண்ணில் கொடுத்த என் விண்ணப்பத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இன்று யாரிடம் உள்ளது?" என்ற இரண்டு கேள்விகள் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். தூங்கும் கோப்பு இதில் எழுந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய ஜீப் வாங்குகிறவர்களுக்கு

ஹரியானாவின் மண்டி டப்வாலி, கட்டிய ஜீப்புகளுக்குப் பேர்போன சந்தை. அங்கே புதிதாகக் கட்டிய திறந்த ஜீப் ஒன்று, போட்டோவில் பளபளவென்று தெரியும். விலையும் குறைவு, லாரியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். வாங்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வண்டியின் சேசிஸுக்கும் இந்த ஆர்.சி.க்கும் என்ன உறவு? நேற்று வெல்டிங் செய்த உடம்புக்கு முப்பது வருடத்துக்கு முந்தைய வண்டியின் ஆர்.சி.யைக் கொடுத்தால், நீங்கள் வாங்குவது வண்டி அல்ல, வழக்கு.

ராணுவ ஏலத்தில் வந்த ஜீப் என்று சொன்னால் ஏல ஆவணம், விடுவிப்பு உத்தரவு இரண்டின் மூலப்பிரதியையும் கேளுங்கள். வெளிமாநில வண்டியென்றால் பதிவு செய்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது 28-ஆம் படிவம் கையில் வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். பிறகு 12 மாதத்துக்குள் இங்கே 27-ஆம் படிவம் கொடுத்து, வரி கட்டி, தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள். வாங்கும் முன் எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துப் போய், சேசிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுங்கள். எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் இல்லையென்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு எம்.எம். 540 ஜீப் வாங்கினேன். விற்றவர் ஆர்.சி.யைக் காட்டினார், நான் பெயரையும் தேதியையும் மட்டும் பார்த்தேன். பதிவைப் புதுப்பிக்கும் நாளில் ஆய்வாளர் பானெட்டைத் திறந்து, இன்ஜின் எண்ணைப் பார்த்தார், ஆர்.சி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு முன்னால் யாரோ ஒருவர் மாற்றிய இன்ஜின். எந்தத் தாளிலும் அது இல்லை. அதே வகை இன்ஜினை பில்லோடு தேடி வாங்கி, மாட்டி, பதிவு செய்து முடிக்க பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதமும் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. அன்று ஐந்து நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

வண்டியை நிறுத்தினால்

வாக்குவாதம் வேண்டாம், கைப்பணமும் வேண்டாம். ரசீதில்லாமல் கொடுத்த பணம் அடுத்த செக்போஸ்டில் உங்களைக் காப்பாற்றாது. லஞ்சம் கொடுப்பதும் குற்றம். இ-சலான் கேளுங்கள். அதில் எந்தப் பிரிவு, எந்த மாற்றம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வண்டியையோ ஆவணத்தையோ எடுத்துக்கொண்டால் அதற்கான எழுத்துப்பூர்வச் சீட்டு வாங்குங்கள். வண்டியை நான்கு பக்கமும் அங்கேயே படம் எடுத்து வையுங்கள். சலான் தவறென்று தோன்றினால் அதை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பறிமுதல் வண்டியை இடைக்காலமாகப் பெற, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503-ஆவது பிரிவின்படி மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு போடலாம்.

அதன்பின் செய்ய வேண்டியதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அபராதம் கட்டிவிட்டு, அதே பம்பரோடு வீட்டுக்கு ஓட்டிப் போகிறார்கள். அபராதம் என்பது அனுமதிச் சீட்டு அல்ல. மாற்றங்களைக் கழற்றுங்கள், கழற்றியதற்குப் பட்டறை பில் வாங்குங்கள், வண்டியை ஆய்வாளரிடம் காட்டி ஆய்வுக் குறிப்பு பெறுங்கள். செய்யாவிட்டால் 53-ஆவது பிரிவின்படி பதிவை நிறுத்தி வைக்கலாம். அந்த நிறுத்தம் 6 மாதம் தடையில்லாமல் நீடித்தால் பதிவையே ரத்து செய்ய வழி இருக்கிறது.

இன்சூரன்ஸ் என்ற அடுத்த அடி

போலீஸ் பிடிப்பதைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். வண்டியில் கூடுதலாக மாட்டிய எதையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் இருந்து, விபத்து நடந்தால், உங்கள் வண்டிக்கான இழப்பீட்டை மறுக்க அவர்கள் கையில் நீங்களே காரணம் கொடுக்கிறீர்கள். எதிரே அடிபட்டவருக்கான தொகையைக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடவும் கூடும். வீடும் நிலமும் போன குடும்பங்கள் உண்டு.

ஆகவே சட்டபூர்வமான பாகமாக இருந்தாலும் பில்லின் நகலோடு கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் ஒப்புதல் குறிப்பு ஏற்றிக்கொள்ளுங்கள். ஏஜென்டிடம் வாயால் சொன்னது சொன்னதாகாது. மாற்றத்துக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லாதபோது, எடுத்துக்காட்டாக, நின்ற வண்டியை லாரி இடித்தபோதும் மறுத்தால் விடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மனிடம் போங்கள். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு ஜீப்பில் சுற்றுலாப் பயணிகளைக் காசுக்கு ஏற்றினால் அது பெர்மிட் குற்றம். 192ஏ பிரிவுப்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும். அந்த ஜீப் கவிழ்ந்தால் உள்ளே இருந்தவர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டியவர் நீங்கள்தான்.

இப்படிப்பட்ட வண்டியால் அடிபட்டவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. இடித்த வண்டியின் முன்பக்கத்தை அன்றே படம் எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் பம்பர் அங்கே இருக்காது. முதல் தகவல் அறிக்கையில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு செய்யுங்கள்.

பட்டறை தப்பிக்கக்கூடாது

பிடிபடுவது எப்போதும் ஓட்டுகிறவன். கழற்ற முடியாதபடி வெல்டிங் வைத்துக் கொடுத்தவர், "ஒண்ணும் ஆகாது" என்று வாக்குக் கொடுத்தவர், அடுத்த வண்டிக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருக்கிறார். சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 'டீலர்' என்ற சொல்லுக்குள் பாடி கட்டுகிறவரும், வண்டி பழுது பார்க்கிறவரும் அடக்கம். 182ஏ முதல் உட்பிரிவு, விதிக்குப் புறம்பாக வண்டியை மாற்றும் டீலருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பிரதான சாலையில் பெயர்ப்பலகை வைத்து நடக்கும் கடைகள் இவை. அந்தச் சாலை முனையில் நின்றே போக்குவரத்துத் துறை வண்டி பிடிக்கிறது. கடைக்குள் ஏன் ஒரு முறையும் நுழைவதில்லை? இந்தக் கேள்வியை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள்.

உங்கள் பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். ஆனால் எதை வைத்து வழக்காடுவீர்கள்? பில் வேண்டும். "சட்டப்படி அனுமதிக்கப்பட்டது" என்று கடைக்காரர் எழுதித் தந்த தாள் வேண்டும். வேலை கொடுக்கும்போதே அதை எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், அது அனுமதிக்கப்பட்டதா இல்லையா என்ற பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

காடு யாருடைய விளையாட்டுத் திடலும் அல்ல

வண்டி சட்டப்படி இருந்தாலும், பாதை சட்டப்படி இருக்க வேண்டும். மேகமலைக் காடுகள் 2021 முதல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கும். சரணாலயத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குற்றத்துக்குப் பயன்பட்டுப் பறிமுதலான வாகனம் 39-ஆவது பிரிவின்படி அரசின் சொத்தாகிவிடும். போக்குவரத்துக் குற்றத்தில் அபராதம் போகும். இதில் வண்டியே போகும். கூகுள் வரைபடம் ஒரு கோட்டைக் காட்டுவதால் அது பொதுப்பாதை ஆகாது. மாவட்ட வன அலுவலருக்குத் தேதி, பாதை, வண்டி எண், ஆட்களின் பெயர் எழுதி விண்ணப்பித்து, கையெழுத்திட்ட அனுமதியோடு போங்கள். செக்போஸ்டில் நிற்கும் வனக்காவலரின் தலையசைப்பு அனுமதி அல்ல. 2018 மார்ச்சில் குரங்கணி மலைத்தீ எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதைத் தேனிக்காரர்கள் மறக்க மாட்டோம். காட்டுக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வனத்துறைக்குத் தெரிந்திருப்பது உங்கள் உயிருக்கான காப்பு.

பெரிய டயரும் ரோல் கேஜும் போட்டுப் பாறை ஏறும் ஆசை விடவில்லையா? தவறில்லை. அதற்கென்று ஒரு வண்டியை ஒதுக்குங்கள். சாலைக்கு இனி வராத வண்டியென்றால், 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதி 55-ஆவது பிரிவின்படி பதிவை ரத்து செய்யுங்கள். லாரியில் ஏற்றிப் போய், மூடிய தனியார் திடலில், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, தலைக்கவசமும் சீட் பெல்ட்டும் போட்டு ஓட்டுங்கள். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் அங்கீகாரம் உள்ள போட்டிகளில் சேருங்கள். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் கவிழ்வதும், ஆளில்லாத ஓடையில் கவிழ்வதும் ஒன்றல்ல.

போடித் தம்பி பம்பரையும் லைட் பாரையும் கழற்றிவிட்டார். பழைய டயர்களும் ஸ்பிரிங்குகளும் பட்டறையில் கிடந்தனவாம். அவற்றை அவரிடமே காசு வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வாளர் குறிப்பெழுதிய தாளைத் தம்பி படமெடுத்து எனக்கு அனுப்பினார். நேற்று அவரே மறுபடி கூப்பிட்டார். கம்பத்தில் இருக்கும் சிநேகிதர் ஒருவர் பழைய ஜிப்ஸி பார்த்திருக்கிறாராம், அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாராம்.

"பேசாம ஒரு பென்சிலும் தாளும் எடுத்துட்டு வான்னு சொல்லிட்டேண்ணே" என்றார்.